புகைபோக்கியில் குடியிருந்த மேகம்

இரண்டு பருவமழையும் அடுத்தடுத்துப் பொய்த்துப்போன வருஷத்தில், ஊசிக்கல் மலையில் போஸ்ட்மேன் கிருபாகரன் வீட்டுப் புகைபோக்கிக்குள் ஒரு மேகம் குடிவந்தது. வீடு தேடுகிறவர்கள் வருகிற மாதிரியேதான் வந்தது. தை மாதம் மூன்றாம் தேதி காலையில் ஓட்டின் மேல் சும்மா உட்கார்ந்துவிட்டுப் போனது. நான்காம் தேதி புகைபோக்கியின் வாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தது. ஐந்தாம் தேதி, கிருபாகரனின் மனைவி சௌந்தரவல்லி வாசலில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, அவர் கண்ணெதிரிலேயே, பூனை நுழைவதுபோல முதலில் தலையைக் கொடுத்து, பிறகு உடம்பைச் சுருக்கி, கடைசியில் வெளியே மிச்சமிருந்த ஒரு முழ வெள்ளையையும் உள்ளே இழுத்துக்கொண்டது. சௌந்தரவல்லி கையிலிருந்த போர்வையைப் பிழிந்து கொடியில் போட்டார். உள்ளே போய், "மேகம் ஒண்ணு நம்ம சிம்னிக்குள்ள போயிருக்கு" என்றார்.

"வழி தெறந்து கெடந்தா யாருதான் வரமாட்டாங்க" என்று கட்டிலில் படுத்திருந்த கிருபாகரன் இருமலுக்கு நடுவே சொன்னார்.

வழியைத் திறந்து போட்டிருந்தவர் இன்னாசி.

இன்னாசிக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. கடைவீதிக் கோடியில் தகரக்கடை வைத்திருந்தார். வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன பழைய வீடுகள் ஊசிக்கல்லில் ஐம்பது அறுபது இருந்தன. அத்தனை வீட்டுப் புகைபோக்கிகளுக்கும் அவர் ஒருவர்தான் ஆள். வருஷத்துக்கு ஒருமுறை கம்பித் தூரிகையை விட்டுக் கரியையும் தாரையும் சுரண்டி எடுப்பார், வெடித்த செங்கல்லைப் பூசுவார், பாழாய்ப்போன புகைபோக்கிக்குள் மேலிருந்து கீழ்வரை எவர்சில்வர் குழாய் இறக்குவார். குழாய் இறக்கியதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "புகைங்கிறது சூடு இருக்கிற வரைக்கும்தான் மேல ஏறும். பாதி வழியில குளுந்துபோச்சுன்னா, எங்க போறதுன்னு அதுக்குத் தெரியாது. ஒண்ணு குழாயில தாரா ஒட்டிக்கும், இல்ல திரும்பி வீட்டுக்குள்ளேயே வந்துரும்" என்பார். அதனால் குழாய்க்கும் செங்கல்லுக்கும் நடுவில் இருக்கும் நாலு விரல் இடைவெளியில், சூட்டில் பொரித்த மைக்கா என்கிற அப்ரகத் துகளை மேலிருந்து கொட்டி, குழாயைத் தட்டித் தட்டி இறுக்கி, வாயில் தகடு போட்டு மூடுவார். அந்தத் துகள் பார்க்க அரிசிப்பொரி மாதிரி, தூக்கினால் காற்று மாதிரி இருக்கும். அவர் அதைப் பொரி என்றே சொல்வார். குழாய்க்குக் கம்பளி போர்த்துகிற வேலை அது.

கிருபாகரன் முப்பத்து நான்கு வருஷம் பனிக்குள்ளேயே நடந்து தபால் கொடுத்தவர். அந்தப் பனியெல்லாம் அவர் நெஞ்சில் தங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். மருந்தை விட முக்கியம், வீட்டில் ஓர் அறையாவது எந்நேரமும் கதகதப்பாக இருக்க வேண்டும் என்றார் டாக்டர். ஐப்பசி மாதம் ஓர் இரும்பு விறகடுப்பு லாரியில் வந்து இறங்கியது. இன்னாசி குழாய் இறக்கினார். பதினோரு மூட்டை பொரியும் அவர் கடை மாடிப்படிக்குக் கீழே தயாராக இருந்தது.

அதே வாரத்தில் மேல்ரோட்டில் புதிதாகக் கட்டிய ஹோட்டலிலிருந்து மேனேஜர் காரில் வந்து, கிறிஸ்துமஸ் கூட்டத்துக்குள் ஒன்பது புகைபோக்கிகள் முடிய வேண்டும் என்றார். வந்தவர் இன்னாசியை 'சார்' என்று கூப்பிட்டார். இன்னாசியை அதற்கு முன்னால் யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. பதினோரு மூட்டையும் ஹோட்டலுக்குப் போயின.

"பொங்கலுக்குள்ள போட்டுடறேன் அக்கா, அதுவரைக்கும் இது தாங்கும்" என்று சௌந்தரவல்லியிடம் சொல்லிவிட்டு, புகைபோக்கியின் வாயில், குழாயைச் சுற்றித் தெரிந்த இடைவெளியின் மேல் அரைகுறையாக ஒரு தகரத்தை வைத்து, தகரத்தின் மேல் ஒரு கல்லை வைத்துவிட்டு இறங்கினார்.

தாங்கத்தான் செய்தது. பற்றவைக்கும்போது கொஞ்சம் புகை அறைக்குள் திரும்பும், கண் எரியும். குழாய் சூடேறிவிட்டால் சரியாகிவிடும். கார்த்திகை, மார்கழி இரண்டு மாதமும் அந்த அறை கதகதப்பாக இருந்தது. கிருபாகரன் படுத்துத் தூங்கினார். இரண்டு தோசை சாப்பிட்டார். கேட் வரைக்கும் நடந்து போய், தனக்குப் பின்னால் வேலைக்கு வந்த போஸ்ட்மேனை நிறுத்தி, எந்த வீட்டு நாய் கடிக்கும் என்று விவரமாகச் சொல்லிக்கொடுத்தார்.

அதன் பிறகுதான் தை மாதம் வந்தது, மேகம் வந்தது. விறகைப் பற்றவைத்தால் ஒரு முழம் ஏறிய புகை அப்படியே மலைத்து நின்று அறைக்குள் திரும்பியது. குழாய் ஐஸாகக் கிடந்தது. சௌந்தரவல்லி ஆள் அனுப்பியதும் இன்னாசி வந்து, ஏணி போட்டுக் கூரை மேல் ஏறி, தகரத்தை நகர்த்திப் பார்த்தார்.

"என்ன தம்பி, இருக்கா?" என்றார் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த சௌந்தரவல்லி.

"இருக்குக்கா. தூங்குது."

"பெருசா?"

"கன்னுக்குட்டி அளவு இருக்கும். குழாயச் சுத்திப் படுத்திருக்கு."

கையை விட்டுத் தொட்டுப் பார்த்தார். விடியற்காலையில் பிடுங்கிய கேரட்டைப்போலச் சில்லென்று இருந்தது. கையை எடுத்தபோது முழங்கை வரை நனைந்திருந்தது. இறங்கி வந்து, கீழே சமவெளியிலிருந்து பொரி வரவழைக்க ஒரு மாதம் ஆகும் என்றும், பொரியைக் கொட்டக் கொட்ட அதற்கு இடமில்லாமல் தானாகவே எழுந்து போய்விடும் என்றும், இதில் பயப்பட ஒன்றுமில்லை என்றும் சொன்னார். போகிறபோது, புகைபோக்கியின் அடியில் வெளிச்சுவரில் இருந்த சின்ன இரும்புக் கதவை, சாம்பல் அள்ளுகிற கதவை, என்னவோ தோன்றித் திறந்து பார்த்தார். உள்ளேயிருந்து தண்ணீர் வழிந்தது. கரியில்லாத, நாற்றமில்லாத, குடித்தால் பல்லெல்லாம் கூசுகிற நல்ல தண்ணீர்.

ஊரில் அப்போது தண்ணீர் இல்லை. ஏரி வறண்டு அதன் ஓரத்தில் இருந்த படகுத்துறை தரையில் நின்றது. ஐந்து நாளைக்கு ஒரு லாரி வந்தது, அந்தத் தண்ணீரில் டீசல் வாடை அடித்தது. கேரட்டும் முட்டைக்கோஸும் பாத்தியிலேயே சுருண்டன. பக்கத்து வீட்டு ஷகிலாவுக்குக் குழந்தை பிறந்து பன்னிரண்டு நாள். சௌந்தரவல்லி முதல் குடத்தை அவளுக்குத்தான் பிடித்துக் கொடுத்தார். மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள், அடுத்த நாள் நாற்பது பேர், அந்த வாரக் கடைசியில் தெருவின் வளைவையும் தாண்டி, தேவாலயத்தின் மதில் வரைக்கும் குடங்கள் நின்றன.

மேகம் வந்ததைப் பற்றி ஊசிக்கல்லில் யாரும் அதிசயப்பட்டு நேரத்தைப் போக்கவில்லை, அதை எப்படி வைத்துக் காப்பாற்றுவது என்பதுதான் எல்லோருக்கும் கவலையாக இருந்தது. மேகத்துக்குச் சத்தம் ஆகாது என்று யாரோ சொல்லப்போக, அந்தத் தெருவில் எல்லோரும் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள், வரிசையில் வரும் சண்டையைக்கூடக் கிசுகிசுவென்று போட்டார்கள். மூன்று மணி பஸ்ஸின் டிரைவர் மேட்டிலேயே என்ஜினை அணைத்துவிட்டு அந்த வீட்டைத் தாண்டும்வரை பஸ்ஸைச் சரிவில் உருளவிட்டார். மாரியம்மன் திருவிழாவில் வெடி வேண்டாம் என்று கமிட்டியும், மணியைத் துணி சுற்றி அடிக்கலாம் என்று தேவாலயமும், ஒலிபெருக்கியின் முகத்தை அந்தப் பக்கம் திருப்புவதில்லை என்று பள்ளிவாசலும் தாங்களாகவே முடிவு செய்தன. நகராட்சியிலிருந்து ஓவர்சியர் வந்து டேப் பிடித்து அளந்தார். படிவத்தில் நீராதாரத்தின் வகை என்ற இடத்தில் கிணறு, ஊற்று, ஏரி என்று மூன்றுதான் இருந்தன. நீண்ட நேரம் யோசித்துவிட்டு அவர் ஓரத்தில் 'மேகம் - ஒன்று' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். டீக்கடைகளில் இன்றைக்கு அந்தத் தண்ணீரில் போட்ட டீயா என்று கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். அந்த இரண்டு மாதத்தில் பிறந்த மூன்று ஆண் குழந்தைகளுக்கு முகிலன் என்று பெயர் வைத்தார்கள்.

விதிகளும் உண்டாயின. வீட்டுக்கு இரண்டு குடம். கைக்குழந்தை இருந்தால் மூன்று. எல்லாவற்றுக்கும் முதல் விதி, அந்த வீட்டில் அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்பது. அதை யாரும் எழுதவில்லை, வாய்விட்டுச் சொல்லவும் இல்லை. எப்படியும் புகை திரும்பித்தானே வருகிறது என்று சௌந்தரவல்லியே பற்றவைப்பதை நிறுத்தியிருந்தார். சமையலைக் காஸில் பார்த்துக்கொண்டார்.

ஆனால் அந்தப் புகைபோக்கி வீட்டின் நடுச்சுவர் வெளிச்சுவரோடு சேருகிற இடத்தில் இருந்தது. சுவரின் அந்தப் பக்கம் கூடம், இந்தப் பக்கம் கிருபாகரனின் கட்டில். மேகம் உள்ளே இருக்க இருக்கச் சுவர் வியர்த்தது; சுண்ணாம்பு ஊறி உதிர்ந்தது; வெளியே வெயில் அடிக்கிற மத்தியானத்திலும் அந்த அறையில் மூச்சுவிட்டால் ஆவி தெரிந்தது. ஊர் ஒன்றும் கல்நெஞ்சு படைத்ததல்ல. வரிசைக்கு வந்தவர்கள் ஆளுக்கொரு போர்வை கொண்டுவந்தார்கள். முப்பத்தோரு போர்வைகள் சேர்ந்தன. அத்தனையையும் போர்த்தினால் கிருபாகரனால் நெஞ்சைத் தூக்கி மூச்சுவிட முடியவில்லை. கவுன்சிலர் ஒரு மின்சார ஹீட்டர் வாங்கித் தந்தார். அந்த வீட்டின் பழைய வயர் அதைத் தாங்காமல் இரண்டாம் நாளே கருகியது. தங்கள் வீட்டில் வந்து இருக்கச் சொல்லிப் பத்துப் பேராவது கூப்பிட்டார்கள். "படுத்தா எந்திரிக்கறதுக்கே ஆள் வேணும் எனக்கு. அடுத்தவங்க வீட்டுல போய்க் கெடக்கறதா?" என்று அவர் சிரித்து மறுத்தார். கீழே மேட்டுப்பாளையத்தில் இருந்த அக்கா மகன் வந்து அழைத்துப் போனான். அங்கே புழுக்கத்தில் மூச்சு முட்டி, பத்தாம் நாளே திரும்பக் கொண்டுவந்து விட்டான்.

கிருபாகரனுக்கு அந்த வரிசை பிடித்திருந்தது என்பதும் உண்மைதான். ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பார். எல்லோரையும் அவருக்குக் கதவு எண்ணோடு தெரியும். "முப்பத்து நாலு வருஷம் நான் இவங்க வீட்டுக்குப் போனேன். இப்ப இவங்க வர்றாங்க" என்பார்.

இன்னாசிக்கும் அந்த நாட்கள் பிடித்திருந்தன. அவர் இறக்கிய குழாய், அவர் விட்ட இடைவெளி, அதனால் வந்த மேகம் என்று ஊர் கணக்குப் போட்டது. பெண்கள் பள்ளிக்கூடத்தில் ஆண்டுவிழாவுக்குக் கூப்பிட்டு மாலை போட்டார்கள். தலைமையாசிரியை பேசும்போது, சில பெரியவர்கள் விட்டுவைக்கிற இடத்தில்தான் வரம் வந்து தங்குகிறது என்றார். கைதட்டினார்கள். பொரி கொட்ட வேண்டிய வேலையை முடிக்காமல் பாதியில் போட்டவன் நான் என்று எழுந்து சொல்ல வேண்டும்போல ஒரு நிமிஷம் இன்னாசிக்கு இருந்தது. மாலை கழுத்தில் இருந்ததால் சொல்லவில்லை.

மாசி மூன்றாம் வாரம் பொரி மூட்டைகள் வந்து இறங்கின. அவற்றை மாடிப்படிக்குக் கீழே அடுக்கி, மேலே சாக்கைப் போட்டு மூடினார். மூன்றாம் நாள் சௌந்தரவல்லி கடைக்கு வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"பொரி வந்துருச்சுன்னு சொன்னாங்க."

"வந்துருச்சுக்கா."

"அப்ப எப்ப வர்றீங்க?"

இன்னாசி கையிலிருந்த தகர வெட்டியைத் துடைத்தார். "கோடை மழை எப்படியும் சித்திரைக்குள்ள வந்துரும்னு சொல்றாங்கக்கா. இன்னும் கொஞ்ச நாள்தான். இப்பப் போய்ப் பொரியக் கொட்டினா ஊரு என்ன சொல்லும்?"

"ஊரு சொல்றத நான் கேக்கல தம்பி. நான் தெனமும் கதவத் தெறந்து விடறேன், ஒரு நாளாவது மாட்டேன்னு சொல்லியிருக்கேனா? சொல்ல எனக்கு வாய் வராது. கைக்கொழந்தையத் தூக்கிட்டு நிக்கறவகிட்ட நான் எப்படிச் சொல்லுவேன்? நீங்க ஒரு வேலைய ஒத்துக்கிட்டீங்க. அத முடிங்க. நீங்க முடிச்சீங்கன்னா அது நடந்த காரியமாப் போயிரும். யாரும் யாரையும் கேக்க வேண்டியதில்ல."

"பண்றேன்க்கா."

"எப்ப?"

"சீக்கிரமே."

சௌந்தரவல்லி சாக்கு போட்டு மூடியிருந்த இடத்தைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து இன்னாசி அந்த வீட்டுக்குப் போனார். சௌந்தரவல்லி வெளியே குடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கிருபாகரன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். இன்னாசி கட்டிலோரம் உட்கார்ந்ததும் கிருபாகரன் கையை நீட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அந்தக் கை, புகைபோக்கிக்குள் அவர் தொட்ட மேகத்தை விடக் குளிர்ந்திருந்தது.

"இன்னாசி, உங்கிட்ட ஒண்ணு சொல்லட்டுமா?"

"சொல்லுங்கண்ணே."

"ரொம்பக் குளுருதுப்பா." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவகிட்டச் சொல்லிராத. அவ தெனமும் காலையில கேக்கறா, நான் இல்லேன்னு சொல்லிட்டிருக்கேன். சொன்னா அவ அங்க போய்க் கதவ மூடிருவா. அப்புறம் வரிசையில நிக்கறவங்க மொகத்தப் பாத்துக்கிட்டு இந்தத் தெருவுல அவ எப்படி இருப்பா? உனக்குத் தொழில் தெரியும், அதான் உங்கிட்டச் சொல்றேன்."

"நாளைக்கே வர்றேன்ணே. காலையில வந்து கொட்டிடறேன்."

"மொள்ள வா. அவசரமில்ல" என்று அவர் கையை விட்டார்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு இன்னாசி ஒரு மூட்டைப் பொரியைத் தோளில் வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குள் நுழைந்தார். இருநூறு குடங்களாவது நின்றிருக்கும். பொரி மூட்டை என்றால் என்ன என்று அதற்குள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாராவது வழியை மறிப்பார்கள், சத்தம் போடுவார்கள், காலில் விழுவார்கள் என்று அவர் தயாராகத்தான் வந்தார். மறித்தால் தள்ளிவிட்டுப் போவது என்று முடிவு செய்திருந்தார். ஒருவரும் மறிக்கவில்லை. பேச்சு நின்றது. குடங்களைக் காலால் ஓரமாக நகர்த்தி, நடுவில் அவருக்கு வழி விட்டார்கள். ஷகிலா குழந்தையை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, "அண்ணே, தண்ணி சிந்தியிருக்கு, வழுக்கும், பாத்துக் கால் வைங்க" என்றாள். அவ்வளவுதான் அன்றைக்கு யாரும் சொன்னது.

இன்னாசி புகைபோக்கிக்கு அடியில் வந்து நின்றார். ஏணி சுவரில் சாத்தியிருந்தது. தோளில் மூட்டைக்குக் கனமே இல்லை. நிமிர்ந்து பார்த்தார், திரும்பி வரிசையைப் பார்த்தார். "ஏணி எட்டாது போலருக்கு" என்றார். அதே ஏணியில்தான் அவர் தை மாதம் ஏறினார் என்பது அங்கே நின்ற பாதிப் பேருக்காவது தெரியும். "பெரிய ஏணி கொண்டாரேன்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே மூட்டையோடு திரும்பி நடந்தார். பின்னால் குடங்கள் மறுபடி பழைய இடத்துக்கு நகர்கிற ஓசை கேட்டது. யாரோ அவருக்காக ஜெபம் சொன்னது காதில் விழுந்தது.

பெரிய ஏணியை அவர் தேடவில்லை. அடுத்த வாரம் என்று நினைத்தார். அந்த அடுத்த வாரம், பங்குனி ஆறாம் தேதி, மத்தியானம் இரண்டரை மணிக்கு, வாசலில் நூற்றுப் பத்துப் பேர் தண்ணீருக்கு நின்றுகொண்டிருக்கையில், சாய்ந்து உட்கார்ந்து அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த கிருபாகரன் கடைசி மூச்சை விட்டார். அது ஆவியாக ஒரு தரம் ஜன்னலில் படிந்தது. அதற்குப் பிறகு ஜன்னல் தெளிந்தது. வரிசையில் முதலில் நின்றவர்களுக்கு அது தெரிந்தது.

நெஞ்சுக்கோளாறு என்று டாக்டர் எழுதினார். பொய்யில்லை. அறை கதகதப்பாக இருந்திருந்தால் இன்னும் எத்தனை நாள் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை, கேட்காதபடி எல்லோரும் பார்த்துக்கொண்டார்கள். குடத்தோடு வந்தவர்கள் குடத்தோடேயே சாவுவீட்டுக்காரர்களாக ஆனார்கள். அவரை மேகத்தின் தண்ணீரில் குளிப்பாட்டினார்கள். ஊர் முழுவதும் ஒருவர் விடாமல் மயானம் வரை நடந்தது. அழுதவர்களின் அழுகையும் உண்மையானதுதான். மூன்று நாள் யாரும் தண்ணீருக்கு வரவில்லை. லாரியும் வராத மூன்று நாள் அது. நான்காம் நாள் காலையில் ஒரு பத்துப் பேர், குடத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு, கேட்டுக்கு வெளியே தலையைக் குனிந்து நின்றார்கள். சௌந்தரவல்லி ஜன்னலில் இருந்து பார்த்தார். எழுந்து வந்து, சாம்பல் கதவைத் திறந்து விட்டு, உள்ளே போனார். மறுநாள் நூறு பேர் வந்தார்கள்.

இன்னாசி சாவுக்கு வந்தார், பிறகு அந்தத் தெருப் பக்கம் வரவில்லை. இரண்டு பேர் வந்து புகைபோக்கி சுத்தம் செய்யக் கூப்பிட்டதற்கு, ஏணி ஏறினால் தலை சுற்றுகிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சித்திரை இருபதாம் தேதி மழை வந்தது. நாலு மணிக்கு இடித்து, ஐந்து மணிக்கு ஊற்றத் தொடங்கி, அதன் பிறகு தினமும் சாயங்காலம் நேரம் தவறாமல் பெய்தது. ஏரியில் படகுத்துறை மறுபடி தண்ணீரில் நின்றது. ஒரே வாரத்தில் வரிசை இல்லாமல் போனது. பஸ் டிரைவர் என்ஜினை அணைப்பதை மறந்தார், மணியில் சுற்றிய துணியை அவிழ்த்தார்கள். அந்தத் தெருவில் வரிசையில் இடம் பிடிக்க வைத்த கல்லும் பழைய செருப்பும் மட்டும் சில நாள் கிடந்தன. மேகம் மட்டும் போகவில்லை. அது அந்தக் குளிர்ந்த இடுக்கில் தன்பாட்டுக்குப் படுத்திருந்தது, அதன் தண்ணீர் சாம்பல் கதவின் கீழ் வழிந்து சாக்கடையில் கலந்தது.

வைகாசி பிறந்த அன்று காலையில், பதினோரு மூட்டையையும் வேனில் ஏற்றிக்கொண்டு இன்னாசி வந்தார். கேட்டுக்கு வெளியேயே நின்றார்.

"என்ன?" என்றார் சௌந்தரவல்லி.

"வேலைய முடிச்சுட்டுப் போறேன்க்கா."

வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்று பயந்தார். சொன்னால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தார். சௌந்தரவல்லி வந்து ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

முதலில் பொரி சிந்தாமல் இருக்க இடைவெளியின் அடியில் ஒரு தகட்டை வைத்து இன்னாசி முடுக்கினார். பிறகு கூரை மேல் ஏறி, கல்லையும் தகரத்தையும் எடுத்துவிட்டு, மூட்டையைப் பிரித்து, முறத்தால் அள்ளிக் கொட்டத் தொடங்கினார். பொரி சலசலவென்று இறங்கியது. இரண்டு மூட்டைக்கு ஒருமுறை குழாயைத் தட்டினார். மேகம் கண் விழித்ததுபோல அசைந்தது. அடியில் இடம் போகப் போக ஒரு சாண், ஒரு சாணாக மேலே நகர்ந்தது. ஏழாவது மூட்டையில் அதன் விளிம்பு வாய்க்கு வெளியே தெரிந்தது. பத்தாவது மூட்டையில் முழுவதும் வெளியே வந்து, கூரையின் உச்சியில், எங்கே போவது என்று தெரியாத விருந்தாளி மாதிரி உட்கார்ந்தது. தை மாதத்தை விட நிறையவே மெலிந்திருந்தது. இன்னாசி அதைப் பார்க்காமல் பதினோராவது மூட்டையைக் கொட்டி, மேல்தகட்டை வைத்துத் திருகி, சுற்றிலும் பூசி, குழாயின் தலையில் தகரத் தொப்பியை மாட்டினார். திரும்பியபோது அது பக்கத்துத் தைலமரக் காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தது. தெருவில் யாரும் தலை நிமிர்ந்து பார்க்கவில்லை.

இறங்கி வந்து கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்றே முக்கால்.

"முடிஞ்சுதா?" என்றார் சௌந்தரவல்லி.

"முடிஞ்சுது. பத்தவெச்சுப் பாத்துட்டா நான் கெளம்பிருவேன். மொத தீய மொள்ள ஏத்தணும், பாதியில அணைக்கக் கூடாது."

பூச்சு கொஞ்சம் காயட்டும் என்று மூன்று மணி வரை காத்திருந்தார்கள். வானம் இருட்டிக்கொண்டு வந்தது. இன்னாசி சீகை மரத்து விறகைச் சிறிதாக உடைத்து அடுக்கிப் பற்றவைத்தார். ஒரு இழை புகைகூடத் திரும்பவில்லை. அடுப்புக் கதவை மூடியதும் குழாய் ஒருமுறை மூச்சை இழுத்துவிட்டது, தீ நிமிர்ந்து நின்று எரிந்தது. இத்தனை வருஷத்தில் அவர் செய்த வேலைகளிலேயே இதுதான் சுத்தமான வேலை என்று அவருக்குத் தெரிந்தது. சுவர் ஆவி விட்டுக் காயத் தொடங்கியது. காலியாகக் கிடந்த கட்டிலின் இரும்புக் கம்பியில் கையை வைத்தால் இதமாக இருந்தது. சௌந்தரவல்லி கம்பளிச் சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"எவ்வளவு நேரம் ஆச்சு பத்தவெச்சு?" என்று கேட்டார்.

"இருவது நிமிஷம் இருக்கும்க்கா."

"அவ்வளவுதானா?"

இன்னாசி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அண்ணன் எங்கிட்டச் சொன்னாருக்கா. குளுருதுன்னு சொன்னாரு. உங்ககிட்டச் சொல்ல வேண்டாம்னாரு. மறுநாளே மூட்டையத் தூக்கிட்டு வந்தேன். ஏணி எட்டாம இல்லக்கா. எட்டும். நான்தான் ஏறல."

சௌந்தரவல்லி மடியிலிருந்த கம்பளிச் சட்டையை மடித்து வைத்தார்.

"நாப்பது வருஷம் பக்கத்துல படுத்தவ நான். அவருக்குக் குளுருதுன்னு எனக்குத் தெரியாதா?" என்றார். "அவர் இல்லேன்னு சொல்லுவாரு. சரின்னு நம்பற மாதிரி இருந்துட்டு, எந்திரிச்சு வந்து அந்தக் கதவத் தெறந்து விடுவேன். எல்லாரும் கையெடுத்துக் கும்புட்டாங்க தம்பி என்னை. மகராசின்னாங்க. அது நல்லாத்தான் இருந்துச்சு."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. அறை இன்னும் சூடாகியது. சௌந்தரவல்லியின் நெற்றியில் வியர்வை அரும்பியது. புடவைத் தலைப்பால் துடைத்தார், மறுபடி துடைத்தார். எழுந்து போய் முதல் ஜன்னலைத் திறந்தார். இரண்டாவது ஜன்னலையும் திறந்தார். கூடத்துக் கதவையும் வாசல் கதவையும் விரியத் திறந்து வைத்துவிட்டு, சாரல் மேலே அடிக்க நிலைப்படியில் நின்றார்.

"சூடெல்லாம் வெளிய போகுதுக்கா" என்றார் இன்னாசி.

"போகட்டும்."

முதல் தீயைப் பாதியில் விடக் கூடாது. இன்னாசி அடுப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொரு விறகாக வைத்துக்கொண்டிருந்தார். அடுப்பு நன்றாக எரிந்தது. அத்தனை சூடும் அவரைத் தாண்டி, கட்டிலைத் தாண்டி, திறந்த கதவுகளின் வழியாக மழைக்குள் போய்க்கொண்டிருந்தது.